காரமா ஒரு முழுப் பன்றி வேணும்!

சீனர் வகை தெரியும். பிலிப்பீன்ஸ் வகை கேட்டால்? பினாங்கில் ஒரு விருந்து ஆர்டருக்குப் பின்னால் இருக்கும் பண்ணை, நோய், விலை, அக்கம்பக்கம்.

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு. ஜார்ஜ்டவுன் வெல்ட் குவே கடலோரம், சியூ ஜெட்டி வாசலில் மேசைகள் வரிசையாக நீண்டு கிடக்கின்றன. சிவப்புத் துணி, அடுக்கிய அன்னாசி, ஆமை வடிவத்தில் அச்சிட்ட இளஞ்சிவப்புப் பலகாரம், மேசைக்கு இருபுறமும் தோகையோடு கட்டிய கரும்பு. இவற்றுக்கு நடுவே முழுப் பன்றிகள், பொன் நிறத்தில், கால் மடக்கிப் படுத்த வாக்கில். நள்ளிரவு தாண்டினால் ஒன்பதாம் நாள், விண்ணரசர் பிறந்தநாள். ஒரு காலத்தில் படைகளிடம் அகப்படாமல் ஹொக்கியன் மக்கள் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து பிழைத்தார்களாம். வெளியே வந்த நாள் இந்த ஒன்பதாம் நாளாம். அதனால்தான் கரும்பு. பன்றி, நேர்த்திக்கடன்.

பினாங்குக்காரர் எவரைக் கேட்டாலும் முழுப் பன்றி என்றதும் கண்ணில் வருவது இந்தக் காட்சிதான். கல்யாணம், கடை திறப்பு, கல்லறைத் திருநாள் என்று சீனர் வீட்டு விசேஷங்களுக்குப் பன்றி சுட்டுக் கொடுக்கும் கடைகள் தீவிலும் பெருநிலத்திலும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. போன் போட்டு நாள் சொன்னால் போதும், வந்துவிடும்.

வேறு மாதிரி வேண்டும் என்றால்தான் சிக்கல். நிபோங் திபால் வட்டாரத்தில் பைராம் தோட்டத்தில் வளர்ந்த அக்கா ஒருவர். மருமகன் பிலிப்பீன்ஸின் செபுத் தீவுக்காரர், பாயான் லெப்பாஸில் பொறியாளர். பேரக்குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்கு மருமகன் ஊர் வழக்கப்படி ஒரு பன்றி போடலாம் என்று கடைக்குப் போனார்.

"தவ்கே, முழுசா ஒன்னு வேணும். காரமா. பிலிப்பினோ மாதிரி."

"பெடாஸா? சுட்ட பன்றியில ஏது அக்கா காரம்? சில்லி சாஸ் தனியா தர்றேன், தொட்டுக்கோங்க."

தவ்கே சொன்னதில் தப்பில்லை. அவர் கடைப் பன்றிக்கு அதுதான் முறை. செபுவின் பன்றிக்குக் காரம் வயிற்றுக்குள்ளேயே போகிறது.

வயிற்றுக்குள் ஒரு சமையல்

சீனர் முறையில் பன்றியின் உள்பக்கம் உப்பும் ஐந்து மசாலாப் பொடியும் தேய்ப்பார்கள். தோல் முழுக்க ஊசிக் கட்டையால் குத்துவார்கள். நெருப்பு பட்டதும் கொழுப்பு அந்தத் துளைகள் வழியே வெளியேறி, தோல் பொரி மாதிரி உப்பி, கடித்தால் நொறுங்கும்.

செபுவில் தோலைக் குத்துவதில்லை. கண்ணாடி போல வழவழப்பாக, அடர்ந்த செம்பழுப்பில், தட்டினால் டக் டக்கென்று சத்தம் வர வேண்டும். சிலர் இளநீர் தடவுவார்கள், சிலர் பால், சிலர் எதுவும் தடவ மாட்டார்கள். எது சரி என்பதில் அங்கே ஊருக்கு ஊர் சண்டை உண்டு. வயிற்றைக் கிழித்த இடத்தில் கை நிறைய நசுக்கிய செராய், முழுப் பூண்டு, வெங்காயத்தாள், மிளகு, பிரிஞ்சி இலை, நட்சத்திரப் பூ, உப்பு. கார வகைக்கு இதோடு சிலிங் லபுயோ என்கிற குட்டி மிளகாயை இடித்துச் சேர்ப்பார்கள். நம் சிலி பாடியின் உறவுக்காரன்தான் அது, உறைப்பில் கொஞ்சமும் இளைத்ததில்லை. அப்புறம் வயிற்றைத் தைத்துவிடுவார்கள். மூங்கில் கழியில் கோத்து, கரி நெருப்பின் மேல் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் கையால் சுற்ற வேண்டும். தணலை நேர் கீழே கொட்டக் கூடாது. தொடைக்கும் தோளுக்கும் அடியில் அதிகம், வயிற்றுக்கு அடியில் குறைவு. இது தெரியாதவர் சுட்டால் நடு வயிறு கருகும், தொடை எலும்போரம் சிவந்து கிடக்கும்.

தைத்த வயிற்றுக்குள் செராய்ச் சாறும் கொழுப்பும் சேர்ந்து கொதிக்கிறது. வெளியே சுடுகிறது, உள்ளே வேகிறது. அதனால் விலா எலும்பை ஒட்டிய கறிக்குத்தான் முழு ருசியும் காரமும். பின்தொடைக்கு அது எட்டாது. மிளகாயைத் தோலில் பூசலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முதல் அரை மணியிலேயே கரிந்து கசந்துவிடும். தொடைக்கும் காரம் வேண்டுமானால் முந்தின இரவே மிளகாய் இடித்த உப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றச் சொல்ல வேண்டும். செய்யத் தெரிந்தவர் "சரி" என்பார். தெரியாதவர் "அதெல்லாம் தானா இறங்கிடும்" என்பார். ஆளைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

பிலிப்பீன்ஸின் லூசோன் தீவுப் பக்கத்தில் ஈரலை அரைத்துச் செய்த இனிப்புக் குழம்பைத் தொட்டுக்கொள்வார்கள். செபுக்காரர்களுக்கு அது கௌரவக் குறைவு. பன்றிக்கே ருசி இருக்கும்போது குழம்பு எதற்கு என்பார்கள். மிஞ்சிப் போனால் மிளகாய் ஊறிய காடி. அமெரிக்கச் சமையல்காரர் ஆந்தணி போர்டெய்ன் தன் பயண நிகழ்ச்சிக்காக அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, தான் தின்ற பன்றிகளிலேயே இதுதான் முதலிடம் என்று எழுதிவைத்தார். அன்றிலிருந்து செபுவுக்குத் தலைகால் புரியவில்லை. லூசோன் பக்கமோ, பத்தாங்காஸ் மாகாணத்தின் பாலாயானில் ஜூன் 24, புனித அருளப்பர் திருநாளன்று சுட்ட பன்றிகளுக்குச் சட்டை, தொப்பி, கண்ணாடி மாட்டி ஊர்வலமே விடுகிறார்கள். வழியில் கூட்டம் தோலைப் பிய்த்துவிடும் என்று சில வண்டிகளில் முள்கம்பி வேறு.

■ கணக்குப் போட்டுப் பாருங்கள்

உயிரோடு 40 கிலோ நிற்கும் பன்றி, அறுத்துச் சுத்தம் செய்தால் ஏறக்குறைய 28 முதல் 30 கிலோ.
நெருப்பில் நீரும் கொழுப்பும் வடிந்தபின் 18 முதல் 20 கிலோ.
தலை, எலும்பு போகத் தட்டுக்கு வருவது 10 முதல் 12 கிலோ.
ஆளுக்குக் கால் கிலோ வைத்தால் 40 பேருக்குத் தாராளம். கோழிக் கறியும் மீனும் இருந்தால் 60 பேர்.
விலை கேட்கும்போது எந்த எடைக்கு விலை என்று கேளுங்கள்: உயிரெடையா, சுத்தம் செய்ததா, சுட்டதா? மூன்றும் மூன்று தொகை.

கண்ணப்பர் சுட்டது என்ன?

"நமக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைப் பெரிய புராணத்துக்கு அனுப்பலாம். பின்னாளில் கண்ணப்பரான திண்ணனார் வேட்டையில் ஒரு காட்டுப் பன்றியைத் துரத்திக் கொன்றார். காடன் தீ மூட்ட, கறியை அம்பில் கோத்து வாட்டி, வாயில் போட்டுப் பதம் பார்த்து, நல்ல துண்டுகளைத் தேக்கிலையில் பொதிந்து காளத்திநாதருக்குக் கொண்டுபோனார். அறுபத்து மூவரில் ஒருவர் படைத்த படையல் அது.

அதற்கும் முன்னே பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் தொழில்சுத்தமான செய்தி வருகிறது. கள் அடுவோர் வீட்டில் ஆண் பன்றியைப் பெண் பன்றியோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிக் கொழுக்கவைத்து, வழிப்போக்கருக்குக் கள்ளோடு கறி கொடுத்தார்களாம். தீனி, கட்டு, கொழுப்பு எல்லாம் தெரிந்தே வளர்த்திருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் சுடலை மாடன் கொடையில் பன்றிப் பலி நேற்று வரை நடந்தது, இன்றும் சில ஊர்களில் நடக்கிறது. 1521-ல் மகெல்லனோடு செபுவில் இறங்கிய பிகாஃபெத்தா, அங்கே வயதான பெண்கள் ஆடிப் பாடி ஈட்டியால் குத்திப் பன்றியைப் பலியிட்டு இரத்தத்தைத் திலகமிட்ட சடங்கை எழுதிவைத்திருக்கிறார். சுடலை மாடன் சாமியாடி அந்தக் கரையில் இறங்கியிருந்தால் அந்நியமாய் உணர்ந்திருக்க மாட்டார்.

இந்த மலாயாவுக்கு அந்தச் சாமிகளும் வந்தன. பைராம், கலிடோனியா, விக்டோரியா, வால்டோர் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள். ரப்பர் பிறகு, செம்பனை அதற்கும் பிறகு. கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் தோட்டத்து எல்லையில் முனியாண்டியையும் மதுரை வீரனையும் நட்டார்கள். சேவல், கிடா, சாராயம், சுருட்டு என்று படையல் போட்டார்கள். காலப்போக்கில் முனியாண்டி கோயில்கள் கோபுரம் கட்டின, ஐயர் வந்தார், கும்பாபிஷேகம் நடந்தது, கறி வெளியே போனது. பன்றி அதற்கும் முன்பே பின்கட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் சமைக்கக் கூடாது, தனிச் சட்டி, வெளி அடுப்பு. அதில் மருத்துவமும் இல்லை, பக்தியும் முழுதாக இல்லை. பன்றி வளர்த்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கிய ஊர்களிலிருந்து கப்பல் ஏறிய பழக்கம் அது. தோட்டத்தில் காட்டுப் பன்றி விழுந்தால் லயமே கூடிப் பங்கு போட்டதும் உண்மை. பங்கு வாங்கிய கையோடு "எங்க வீட்டுல தொடமாட்டோம்" என்றதும் உண்மை.

பன்றி எங்கிருந்து வருகிறது?

சமையல்காரர் கிடைத்துவிடுவார். செராய் வேலியோரம் கிடைக்கும். கிடைக்காதது பன்றி.

பினாங்கின் பன்றிப் பண்ணைகள் தீவில் இல்லை, பெருநிலத்தில். வடக்கே தாசேக் குளுகோர் அருகே கம்போங் செலாமாட், தெற்கே சுங்கை பாக்காப் பக்கம் கம்போங் வால்டோர். முன்னே சொன்ன அதே வால்டோர்தான். கரும்பு போன மண்ணில் பன்றி வந்தது. பைராமிலிருந்து அது வெகு தூரமில்லை.

இந்தத் தொழில் இரண்டு முறை நொறுங்கியது. முதல் அடி 1998 கடைசியில் ஈப்போ பக்கம் கிந்தாவில் ஆரம்பித்தது. மூளைக்காய்ச்சலில் பன்றிப் பண்ணைக்காரர்கள் விழுந்தபோது கொசுவால் பரவும் ஜப்பானிய வகை என்று நினைத்து மருந்தடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலண்டோக்குக்குப் பரவிய பிறகு, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். நிப்பா. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நாட்டில் இருந்த பண்ணைகளில் பாதிக்கு மேல் மறுபடி திறக்கவே இல்லை.

இரண்டாவது அடி ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல். இது மனிதரைத் தொடாது. பன்றியை விடாது.

■ ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல்: வந்த வழி

1921: கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.
2007: ஜார்ஜியா வழியாகக் கிழக்கு ஐரோப்பா.
2018 ஆகஸ்ட்: சீனா.
2019: பிலிப்பீன்ஸ்.
2021 பிப்ரவரி: மலேசியாவில் முதல் முறை, சபாவில். அதே ஆண்டு டிசம்பரில் மலாக்கா.
2023 ஜனவரி: பினாங்கு.
2023 மார்ச்: செபு, அதுவும் பன்றி சுடுவதற்குப் பேர்போன கார்கார் நகரில்.
கறியை 60 டிகிரி சூட்டில் 20 நிமிடம் வைத்தால் கிருமி சாகும். உறைந்த கறியில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். டயர், செருப்பு, மிச்சச் சோறு என எதிலும் ஏறிப் பயணம் போகும்.

இரண்டு மாத இடைவெளியில் பினாங்கும் செபுவும் ஒரே நோயில் மாட்டிக்கொண்டன. செபு அதற்கு முன் லூசோன் பன்றிக்குத் தடை போட்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த தீவு. பிலிப்பீன்ஸ் முழுக்கப் பன்றி விலை ஏறியதில் 2021-ல் மணிலாவில் அரசே உச்சவரம்பு விதித்தது, மே மாதம் தேசியப் பேரிடர் நிலை அறிவித்தது. விலை எழுதிவைத்தால் பன்றி குட்டி போடுமா? உச்சவரம்பு நீடிக்கவில்லை. 2025 நவம்பரில் கேசோன் நகரின் லா லோமாவில், தெருவே பன்றி சுடும் கடைகளாக இருக்கும் இடத்தில், கிருமி தென்பட்டதால் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் கடைகளைத் தற்காலிகமாக மூடினார்கள்.

இங்கே நமக்கு என்ன விளைவு? முதலில் காணாமல் போவது சின்னப் பன்றி. பண்ணைக்காரர் கணக்கைப் பாருங்கள். தாய்ப் பன்றியின் தீனி, தடுப்பூசி, பால்குடியில் சாகும் குட்டிகளின் நட்டம், இவ்வளவும் ஒவ்வொரு குட்டியின் தலையிலும் ஏறியிருக்கும். ஆறு மாதம் வளர்த்து 100 கிலோவில் விற்றால் அந்தச் செலவு 100 கிலோவுக்குப் பிரிந்துவிடும். 30 கிலோவிலேயே பிடித்துக் கொடுங்கள் என்றால் முழுச் செலவையும் அந்த 30 கிலோவே தாங்க வேண்டும். அதனால்தான் சுடுவதற்கான சிறு பன்றி கிலோ கணக்கில் எப்போதும் விலை கூடுதல். பன்றிக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை கூடுதல் என்பதையும் தாண்டி, "இல்லை" என்பார்கள். கழுவித் துடைத்துப் பண்ணையை மறுபடி நிரப்புகிறவர் பெண் குட்டிகளைத் தாயாக்க நிறுத்திக்கொள்வார். ஆண் குட்டியை முழு எடைக்கு வளர்ப்பார். சினைக்காலம் 114 நாள்: மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பார்கள். அதோடு ஆறு மாத வளர்ப்பு. இன்று சினைப்பிடித்தால் கறியாவது பத்து மாதம் கழித்து. நடுவில் யாருடைய பேரனுக்கு ஞானஸ்நானம் என்று பண்ணை காத்திருக்காது.

நோய்ப் பகுதி என்று அறிவித்துவிட்டால் கால்நடைச் சேவைத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் உயிர்ப் பன்றி வண்டி ஏற முடியாது. விருந்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஆர்டர் ரத்தாவது இப்படித்தான். அப்போது சிலர் உறைந்த இறக்குமதிப் பன்றியை வைத்துச் சமாளிப்பார்கள். கறி பரவாயில்லை. தோல்தான் ஏமாற்றும், உறைந்து உருகிய தோலில் ஈரம் நிற்கும், அந்தக் கண்ணாடி மொறுமொறுப்பு வராது. முழு விலை கொடுத்து அதை வாங்குவதை விட, விருந்தைத் தள்ளிவைக்கலாம் என்பது என் கட்சி.

சின்னப் பண்ணைகளுக்கு இன்னொரு நெருக்கடி. 2016-ல் பினாங்கு மாநிலம் பன்றி வளர்ப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. திறந்த கொட்டகை போய் மூடிய நவீனப் பண்ணை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, உரிமம். பண்ணைக் கழிவு கலந்த ஆற்றோரம் குடியிருந்தவர்களைக் கேட்டால் இது என்றைக்கோ வந்திருக்க வேண்டும் என்பார்கள், அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்த முதலீட்டைப் போட முடியாத குடும்பப் பண்ணைதான் "ரெண்டே ரெண்டு சின்னதா பிடிச்சுக் குடு தவ்கே" என்றால் பிடித்துக் கொடுத்த பண்ணை. பெரிய பண்ணை லாரிக் கணக்கில் பேசும்.

"ஊருக்குப் போன மருமகன் பெட்டியில் கொண்டுவரட்டுமே" என்று மட்டும் நினைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் பன்றிக் கறியோ பொரித்த தோல் பொட்டலமோ விமான நிலையத்தில் பிடிபட்டால் பறிமுதல், வழக்கு. நோய் நாடு தாண்டும் வழிகளில் அதுவும் ஒன்று.

பக்கத்து வீடு

இது மலேசியா. விருந்துக்கு வருகிறவர்களில் இஸ்லாமிய நண்பர்கள் இருப்பார்கள், அம்மனுக்கு விரதம் இருக்கும் சித்தியும் இருப்பார். இங்கே அனுபவப்பட்ட குடும்பங்கள் செய்வது என்ன?

சுடுவதை வீட்டு வாசலில் வைப்பதில்லை. அஞ்சு மணி நேரக் கரிப் புகையும் கொழுப்பு வாடையும் காற்று அடிக்கும் பக்கம் போகும், அது பக்கத்து வீட்டுத் துணிக்கொடியாகவே இருக்கும். வேறிடத்தில் சுட்டு, வெட்டுக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதே நல்லது. ஹலால் சாப்பாடு வேறொரு சமையல்காரரிடம், வேறு மேசையில், வேறு கரண்டியோடு. வாடகைத் தட்டு எடுப்பவர்கள் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பன்றிக்கென்றால் பலர் தர மாட்டார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. காகிதத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் வாசல் தெரியக் கோடரியால் பன்றி வெட்டுவது சட்டப்படி குற்றமா என்று விவாதிக்க வேண்டாம். நாளை மாற்றலாம்.

ஒளித்து வைக்கத்தான் வேண்டியதில்லை. "இந்த மேசை பன்றி, அந்த மேசை கோழி" என்று வாசலிலேயே ஒரு அட்டை எழுதி வைத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. கேட்டபின் மெல்லச் சொல்வதுதான் சங்கடம்.

■ ஆர்டர் கொடுக்கும் முன்

உள்ளூர்ப் பன்றியா, உறைந்ததா? அரசு அனுமதி பெற்ற அறுப்புக்கூடத்தில் அறுத்ததா?
கழியில் சுடுவதா, பீப்பாய் அடுப்பிலா? பீப்பாயில் சுட்டால் செபுத் தோல் வராது.
காரம் வயிற்றில் மட்டுமா, தொடையிலுமா?
நோயால் பன்றி கிடைக்காமல் போனால் முன்பணம் திரும்புமா? ரசீதில் எழுதி வாங்குங்கள்.
ஈரல், குடல், இரத்தம் யாருக்கு? செபுக்காரர் வீட்டில் இரத்தம் தினுகுவான் என்கிற குழம்பாகும். வேண்டாமென்றால் முன்பே சொல்லுங்கள். பச்சைக் கழிவை மட்டும் எந்தப் பன்றிக்கும் தீனியாகப் போடக் கூடாது.

பைராம் அக்காவுக்குக் கடைசியில் ஆள் கிடைத்தார், மருமகனின் நண்பர் வட்டத்தில். மறுநாள் மிச்சத்துக்கும் திட்டம் தயார். செபுவில் மிஞ்சிய எலும்பையும் கறியையும் காடி, பிரிஞ்சி இலை, மிளகு, கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பாக்சிவ் என்று கொதிக்கவைப்பார்கள். அக்கா காடிக்குப் பதில் புளி கரைக்கப் போகிறாராம், கடுகு தாளித்து. மருமகன் தலையாட்டிவிட்டார்; மாமியார் முன்னால் வேறென்ன செய்வார்?

நேரக் கணக்குதான் மீதி. சுட்ட பன்றியைப் பெட்டியில் போட்டு மூடினால் தன் ஆவியிலேயே தோல் நமத்துவிடும். திறந்தபடி வர வேண்டும், வந்து ஒரு மணி நேரத்துக்குள் வெட்டிவிட வேண்டும். முதல் வெட்டு முதுகுத் தோல், அது குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும். விலாப்பகுதியைக் கடைசிவரை மூடியே வைத்திருக்கச் சொன்னால் வயிற்றுக் காரம் சூடு ஆறாமல் இருக்கும். பூசை 11 மணிக்கு முடிகிறதென்றால் பன்றியை 12-க்கு வரச் சொல்லுங்கள். நீளமாகப் பிரசங்கம் வைக்கும் ஃபாதர் என்றால் பன்னிரண்டரை.